பிள்ளை எதை ஆராய்வது? தலைப்புத் தேடும் பெற்றோருக்குச் சில வார்த்தைகள்

இலையுதிர்கால விடுமுறை முடிந்து பிள்ளைகள் திரும்பவும் பாடசாலைக்குப் போகத் தொடங்கும் நாட்களில், புத்தகப் பைக்குள் இருந்து ஒரு கடதாசி வீட்டுக்கு வரும். அதன் தலைப்பில் ‘யூகன்ட் ஃபோர்ஷ்ற்’ என்று இருக்கும். இளையோர் ஆராய்கிறார்கள் என்பது அதன் பொருள். எம்மவர் பலரின் வீடுகளில் அந்தக் கடதாசி குளிர்சாதனப் பெட்டிக் கதவில் இரண்டு கிழமை ஒட்டப்பட்டிருக்கும். பிறகு பழைய பேப்பரோடு பேப்பராகத் தொட்டிக்குள் போய்விடும். அது என்ன போட்டி என்று பெற்றோருக்குத் தெரியாது. எதை ஆராய்வது என்று பிள்ளைக்குத் தெரியாது. கடைசி நாள் மட்டும் காத்திருக்காமல் கடந்து போய்விடும்.

ஜேர்மனிக்குப் புதிதாக வந்து குடியமர்ந்த குடும்பங்களுக்காக இதை எழுதுகிறேன். நான் பெரிய படிப்புப் படித்தவன் அல்ல. இடப்பெயர்வுகளுக்கு நடுவே ஊரில் ஓ.எல். வரை படித்தேன். இங்கு பிளாஸ்ரிக் உதிரிப்பாகங்கள் வார்க்கும் தொழிற்சாலை ஒன்றில் மூன்று ஷிஷ்ட் மாறி மாறி வேலை செய்கிறேன். ஆனாலும் என் மகள் ஏழாம் வகுப்பில் இருந்தபோது இந்தப் போட்டியில் பங்குபற்றினாள். அந்த மாதங்களில் நானும் மனைவியும் அறிந்துகொண்டவை மற்றவர்களுக்கும் உதவலாம் அல்லவா?

போட்டி எப்படி நடக்கிறது?

1965ஆம் ஆண்டில் ‘ஸ்ரேர்ன்’ சஞ்சிகையின் ஆசிரியராக இருந்த ஹென்றி நன்னன், நாளைய ஆராய்ச்சியாளர்களைத் தேடுகிறோம் என்று அறிவித்ததில் இருந்து இந்தப் போட்டி தொடங்கியது. நாலாம் வகுப்பில் இருந்து 21 வயது வரை உள்ளவர்கள் சேரலாம். தொழிற்பயிற்சி பெறும் பிள்ளைகளுக்கும் இடமுண்டு. தனியாகச் செய்யலாம், அல்லது இரண்டு மூன்று பேர் சேர்ந்து செய்யலாம். கட்டணம் எதுவும் இல்லை. நவம்பர் 30ஆம் திகதிக்குள் பெயரும் தலைப்பும் பதிய வேண்டும். ஜனவரியில் எழுத்து வேலையை ஒப்படைக்க வேண்டும். பெப்ரவரி அளவில் பிரதேசப் போட்டி நடக்கும். அதில் வென்றவர்கள் மாநிலத்துக்கும், அதன் பின் மே மாதத்தில் நாடு தழுவிய போட்டிக்கும் போவார்கள்.

துறைகள் ஏழு. உயிரியல், இரசாயனவியல், பௌதிகவியல், கணிதமும் தகவலியலும், புவியும் விண்வெளியும், தொழினுட்பம் என்ற ஆறோடு ‘ஆர்பைற்ஸ்வெல்ற்’ என்று ஏழாவது ஒன்றும் உண்டு. அது வேலை உலகம். வேலை செய்யும் மனிதரின் சுகம், பாதுகாப்பு, வசதி பற்றியெல்லாம் அதில் ஆராயலாம். தொழிற்சாலையிலும் துப்புரவு வேலையிலும் உணவகக் குசினியிலும் நிற்கும் எங்களைப் போன்றவர்களின் பிள்ளைகளுக்கென்றே வைத்த துறை போல எனக்குப் பட்டது.

இதைத் தவிர, சுற்றாடலுக்கென்றே ‘புண்டெஸ் உம்வெல்ற் வெற்பெவெர்ப்’ என்று இன்னொரு போட்டியும் இருக்கிறது. கீல் நகரில் உள்ள விஞ்ஞானக் கல்வி நிறுவனம் ஒன்று அதை நடத்துகிறது. 10 முதல் 20 வயது வரையானவர்களுக்கானது. கண்டறிந்தால் மட்டும் போதாது, அறிந்ததைக் கொண்டு ஏதாவது செய்தும் காட்ட வேண்டும் என்பது அதன் நோக்கம்.

‘நிலைபேறு’ என்றால் என்ன?

இந்தப் போட்டிகளில் அடிக்கடி காதில் விழும் சொல் ‘நாஹ்ஹால்ரிக்கைற்’. தமிழில் நிலைபேறு என்கிறோம். 1713ஆம் ஆண்டில், சக்சன் நாட்டின் சுரங்கங்களுக்குப் பொறுப்பாக இருந்த ஹான்ஸ் கார்ல் ஃபொன் கார்லொவிற்ஸ் என்பவர் காடுகளைப் பற்றி ஒரு நூல் எழுதினார். சுரங்கத்துக்கும் உலைக்கும் மரம் வெட்டி வெட்டிக் காடு குறைந்து வந்த காலம் அது. வளர்வதற்கு மேலாக வெட்டாதே என்பது அவர் சொன்னதன் சாரம். அங்கிருந்துதான் இந்தச் சொல் பரவியது. 1987இல் நோர்வே நாட்டின் புருண்ட்லான்ட் அம்மையார் தலைமையிலான ஐ.நா. ஆணைக்குழு, இன்றைய தேவையைத் தீர்க்கும்போது நாளைய சந்ததியின் தேவையில் கை வைக்கக்கூடாது என்று அதை உலகத்துக்கு விளக்கியது. 2015இல் ஐ.நா. சபை 17 இலக்குகளை வகுத்தது.

பிள்ளைக்கு இதை விளங்கப்படுத்த நீண்ட பிரசங்கம் தேவையில்லை. எவ்வளவு பசி என்றாலும் விதைநெல்லில் கை வைக்காதே என்று எங்கள் ஊர்க் கமக்காரர் சொன்னதும் இதைத்தான்.

பெரிய தலைப்பு பிள்ளையை விழுங்கிவிடும்

தலைப்பு என்றதும் பிள்ளைகள் முதலில் சொல்வது காலநிலை மாற்றம், கடலில் பிளாஸ்ரிக், அமேசன் காடு ஆகியவற்றைத்தான். பெற்றோருக்கும் அவை மதிப்பாகத் தெரியும். நாலு பேருக்குச் சொல்லவும் நன்றாக இருக்கும். ஆனால் பன்னிரண்டு வயதுப் பிள்ளை அமேசன் காட்டில் எதை அளக்கப் போகிறது? புத்தகங்களில் இருந்து எடுத்து எழுதலாம். அது கட்டுரை, ஆராய்ச்சி அல்ல. நடுவர்கள் கேட்பது, “நீ என்ன செய்தாய்? எப்படிக் கண்டுபிடித்தாய்?” என்பதைத்தான்.

எனவே தலைப்பு ஒன்று மனதில் வந்தால் அதை இந்த ஐந்து கேள்விகளால் அரித்துப் பாருங்கள்.

ஒன்று, பிள்ளை தன் கையால் அளக்கக்கூடிய ஏதாவது இதில் இருக்கிறதா? நிறை, நேரம், வெப்பநிலை, லீற்றர், எண்ணிக்கை, எதுவாகவும் இருக்கலாம்.

இரண்டு, ஒரே அளவைத் திரும்பத் திரும்ப எடுக்க முடியுமா? ஒரு தடவை அளந்தது தற்செயலாக இருக்கலாம்.

மூன்று, ஜனவரிக்குள் முடியுமா? குளிர்காலத்தில் தக்காளி வளர்ப்பது பற்றிய தலைப்பு நல்லதுதான், ஆனால் தக்காளி எங்களுக்காக அவசரப்படாது.

நாலு, செலவு வீட்டுக்குத் தாங்குமா? பாடசாலையில் இரவல் கிடைக்குமா?

ஐந்து, விடை என்னவென்று பிள்ளைக்கு உண்மையிலேயே அறிய ஆசையா? இதுதான் முக்கியம். ஆசை இல்லாத தலைப்பு மூன்றாம் கிழமையில் கைவிடப்படும்.

இந்த அரிதட்டில் தங்குவது ஒரு சின்னக் கேள்வியாகத்தான் இருக்கும். அது ஒரு கேள்விக்குறியோடு முடிய வேண்டும். ‘உணவு வீணாதல்’ என்பது தலைப்பு அல்ல. ‘எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமைச் சமையலில் எவ்வளவு எறியப்படுகிறது, அளவுச் சுண்டு மாற்றினால் அது குறைகிறதா?’ என்பது தலைப்பு.

மெஷின் சொல்லித் தந்த பாடம்

“நாங்கள் படிக்கேல்லை, பிள்ளைக்கு என்னத்தைச் சொல்லிக் குடுக்கிறது?” என்று பல பெற்றோர் கேட்கிறார்கள். ஆராய்ச்சியின் அடிப்படை எங்கள் வேலைத்தளத்திலேயே இருக்கிறது.

நான் நிற்கும் மெஷினில் உருகிய பிளாஸ்ரிக் அச்சுக்குள் அழுத்தப்பட்டுப் பொருளாக வெளியே வரும். சில நாட்களில் பொருளின் ஓரம் நிரம்பாமல் வரும். அப்போது எங்கள் மைஸ்ரர் வந்து பார்ப்பார். சூட்டைக் கூட்டலாம், அழுத்தத்தைக் கூட்டலாம், குளிரவிடும் நேரத்தை மாற்றலாம். அவர் இந்த மூன்றில் ஒன்றை மட்டும்தான் மாற்றுவார். மாற்றிவிட்டுச் சில பொருட்கள் விழும்வரை பொறுமையாக நிற்பார். சரிவராவிட்டால் பழைய இடத்துக்குக் கொண்டுவந்து விட்டு, அடுத்ததைத் தொடுவார். இரண்டையும் ஒரேயடியாக மாற்றினால் எது சரிசெய்தது என்று தெரியாமல் போய்விடும். எதைச் செய்தாலும் திகதி, நேரம், அளவு எல்லாம் ஷிஷ்ட் கொப்பியில் ஏற வேண்டும்.

ஒன்றை மட்டும் மாற்று, மற்றதை அசைக்காதே, திரும்பச் செய், உடனே எழுது. விஞ்ஞானம் படித்தவர்கள் இதற்குப் பெரிய பெயர்கள் வைத்திருக்கிறார்கள். இரவு வேலையில் நிற்கும் தகப்பனுக்கும், மருத்துவமனையில் கிருமிநாசினி அளந்து கலக்கும் தாய்க்கும் இது நாளாந்தப் பழக்கம். பிள்ளைக்குக் கொடுக்க எங்களிடம் இருப்பது இதுதான், இது சிறியதும் அல்ல.

வீட்டுக்குள்ளே இருக்கும் தலைப்புகள்

சில உதாரணங்கள் தருகிறேன். அப்படியே எடுக்க வேண்டாம், உங்கள் வீட்டுக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளுங்கள்.

சோறு காய்ச்சும் மின்சாரம். ஒரு லீற்றர் தண்ணீரை 15 பாகையில் இருந்து 100 பாகைக்குக் கொதிக்க வைக்க, எந்த விரயமும் இல்லாவிட்டால், ஏறக்குறைய 0.1 கிலோவாற் மணி மின்சாரம் போதும். இது கணக்கில் வருவது. உங்கள் கேற்றில் அதே தண்ணீருக்கு 0.125 எடுத்தால், ஐந்தில் ஒரு பங்கு வீணாகிறது என்று பிள்ளை கண்டுபிடித்துவிடும். அதே அளவு அரிசியை ரைஸ் குக்கரிலும், மூடிய பானையிலும், கொதித்ததும் போர்வையால் சுற்றி வைத்த பானையிலும் காய்ச்சி ஒப்பிடலாம். யுத்த காலங்களில் எரிபொருள் தட்டுப்பாட்டால் ஜேர்மன் வீடுகளிலும் வைக்கோல் அடைத்த பெட்டிக்குள் பானையை வைத்து அவித்தார்கள். மின்சாரம் அளக்கும் சிறு கருவியைச் சில நகரங்களில் நூலகத்திலோ நுகர்வோர் ஆலோசனை நிலையத்திலோ இரவல் வாங்கலாம். சுவரில் செருகும் சாமான்களுக்குத்தான் அது பொருந்தும் என்பதைக் கவனியுங்கள். நிலையாகப் பொருத்திய அடுப்பில் அதை மாட்ட முடியாது.

எறியும் சாப்பாடு. 2020இல் ஜேர்மனியில் ஏறக்குறைய 1 கோடி 10 இலட்சம் தொன் உணவு கழிவானது. அதில் பாதிக்கு மேல் வீடுகளில் இருந்து வந்தது. தலைக்கு ஆண்டுக்கு 78 கிலோ, அதாவது நாளுக்கு 200 கிராமுக்குச் சற்று மேல். இதில் மரக்கறித் தோலும் எலும்பும் சேர்த்திதான். இரண்டு கிழமை தராசு வைத்து நிறுத்தால், எங்கள் வீடு இதற்கு மேலா கீழா என்று தெரிந்துவிடும்.

கொண்டாட்டமும் குப்பையும். பிறந்தநாள், சாமத்தியவீடு என்று மண்டபம் எடுத்து நடத்துகிறோம். பிளாஸ்ரிக் தட்டும் கரண்டியும் ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021 ஜூலையில் இருந்து தடைசெய்யப்பட்டதால் கடதாசித் தட்டுக்கு மாறினோம். ஒரு விழாவில் ஆளுக்கு எத்தனை குவளை போகிறது? குவளையில் பெயர் எழுத ஒரு பேனை வைத்தால் அந்த எண்ணிக்கை குறையுமா? மண்டபக்காரரினதும் விழா வீட்டாரினதும் சம்மதத்தோடு பிள்ளை எண்ணிப் பார்க்கலாம். 2002இல் குடமுழுக்குக் கண்ட ஹம் காமாட்சி அம்பாள் ஆலயத் தேருக்குப் பல்லாயிரம் பேர் கூடுகிறார்கள். அவ்வளவு பெரிய இடம் வேண்டாம், ஒரு சின்னப் பிறந்தநாளே போதும்.

தண்ணீர். இங்கு ஒருவர் வீட்டில் நாளொன்றுக்குச் சுமார் 120 லீற்றர் தண்ணீர் பாவிக்கிறார். குளிப்பதற்கும் மலசலகூடத்துக்குமே அதில் பாதிக்கு மேல் போகிறது. ஆண்டு முழுதும் ஓடும் ஆறு யாழ்ப்பாணத்தில் இல்லை, சுண்ணாம்புக் கல்லுக்குள் தேங்கும் கிணற்று நீரையே நம்பிய மண் அது. அம்மம்மாவிடம் தொலைபேசியில், ஒரு ஆளுக்கு எத்தனை வாளி அள்ளினீர்கள், வாளி எத்தனை லீற்றர் பிடிக்கும் என்று கேட்டு எழுதி, இங்குள்ள மீற்றரின் கணக்கோடு ஒப்பிட்டால் அது யாரிடமும் இல்லாத ஒரு ஆராய்ச்சி. தோட்டத் துண்டு வாடகைக்கு எடுத்திருப்பவர்கள் கிணற்று நீரில் நைத்திரேற்று அளக்கலாம். நிறம் மாறும் தாள் கடைகளில் கிடைக்கும். குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்பது இங்குள்ள எல்லை. வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் போட்ட பசளையால் எங்கள் கிணறுகளில் ஏறியதும், இங்கு வயல்களில் கொட்டும் மாட்டெருவால் நிலத்தடி நீரில் ஏறுவதும் அதே நைத்திரேற்றுத்தான். இது தொடர்பாக ஐரோப்பிய நீதிமன்றம் 2018இல் ஜேர்மனிக்கு எதிராகத் தீர்ப்பும் சொன்னது.

மகள் எடுத்த தலைப்பு

எங்கள் வீட்டுப் படுக்கையறை மூலையில் கறுப்பாகப் பூஞ்சணம் பிடித்தது. சின்னவனுக்கு இருமல். வீட்டுச் சொந்தக்காரரிடம் இருந்து கடிதம் வந்தது. அளவுக்கு மேல் சமைக்கிறீர்கள், காற்றோட்டம் விடுவதில்லை, திருத்தச் செலவு உங்களுடையது என்று அதில் இருந்தது. மகள்தான் வாசித்து மொழிபெயர்த்தாள். வாசித்து முடித்துவிட்டு, “அப்பா, அது உண்மையோ எண்டு எப்பிடித் தெரியும்?” என்று கேட்டாள். “அளந்து பாத்தால் தெரியும்” என்றேன். அவளுடைய தலைப்பு அங்கிருந்துதான் வந்தது.

சோறு காய்ச்சி முடிந்தபின் குசினியின் ஈரப்பதன் பழைய நிலைக்கு வர, ஜன்னலை முழுதாகத் திறந்தால் எத்தனை நிமிடம், சரித்து வைத்தால் எத்தனை நிமிடம்? இதுதான் அவளது கேள்வி. ஒரு ஈரப்பதமானி வாங்கினோம். ஒவ்வொரு முறையும் ஒரே பானை, ஒரே அளவு அரிசி, கதவு பூட்டு. வெளி வெப்பநிலையையும் மழையா வெயிலா என்பதையும் எழுதினாள். இரண்டு முறையையும் பத்துப் பத்துத் தடவை செய்தாள். அந்த நாட்களில் மனைவி சமையலைத் தொடங்க முன் மகளிடம் அனுமதி கேட்க வேண்டியிருந்தது.

முழுதாகத் திறந்தால் சில நிமிடங்களில் இறங்கியது. சரித்து வைத்தால் அரைமணி போயும் முழுதாக இறங்கவில்லை, சுவர்தான் குளிர்ந்தது. காரணத்தைப் பாடசாலையில் கேட்டு வந்தாள். 0 பாகையில் ஒரு கனமீற்றர் காற்று 5 கிராம் அளவு நீராவியைத்தான் தாங்கும். 20 பாகையில் 17 கிராம் தாங்கும். வெளிக் காற்று எவ்வளவு ஈரமாகத் தெரிந்தாலும், உள்ளே வந்து சூடாகும்போது அது உலர்ந்த காற்றாகிவிடுகிறது. ஆகவே குளிர்காலத்தில் சிறிது நேரம் அகலத் திறந்து மூடுவதே மேல், ஹைற்சுங் சூடும் அவ்வளவு வீணாகாது.

அவள் அதோடு நிற்கவில்லை. பாடசாலையில் சுவர் வெப்பநிலை அளக்கும் கருவியை இரவல் வாங்கி வந்து எல்லாச் சுவர்களையும் அளந்தாள். பூஞ்சணம் பிடித்த வெளிச்சுவர் மூலை மற்றச் சுவர்களைவிட எப்போதும் குளிராகவே இருந்தது. குளிர்ந்த சுவரில்தான் ஈரம் படியும். அந்தக் கொப்பியின் பிரதியைச் சொந்தக்காரருக்கு அனுப்பினோம். பிறகு ஒருவர் வந்து சுவரை அளந்து போனார். திருத்த வேலை இன்னும் முடியவில்லை. ஆனால் செலவு உங்களுடையது என்ற கடிதம் மறுபடி வரவில்லை.

பிரதேசப் போட்டியில் பரிசு கிடைக்கவில்லை. ஒரு நாளின் அளவு மட்டும் ஏன் மாறியிருக்கிறது, அதை ஏன் நீக்கவில்லை என்று நடுவர் கேட்டார். “அன்று வெளியில் பெருமழை. அளந்ததை அழிக்கக்கூடாது, காரணத்தை எழுத வேண்டும்” என்று டொச்சில் பதில் சொன்னாள். நான் சற்றுத் தள்ளி நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். வீட்டில் எல்லாக் கடிதத்துக்கும் மொழிபெயர்ப்பாளராக இருக்கும் பிள்ளை, அன்று முதல் தடவையாகத் தன் சொந்த விடயத்தைப் பேசினாள்.

கவனிக்க வேண்டியவை

பூஞ்சணத்தையோ கிருமியையோ வீட்டில் வளர்த்துப் பார்க்க விடாதீர்கள். அது பாடசாலை ஆய்வுகூடத்தில் ஆசிரியரோடு செய்ய வேண்டியது. நெருப்பு, மின்சாரம் சம்பந்தப்பட்டால் பெரியவர் ஒருவர் பக்கத்தில் நிற்க வேண்டும். வேலைத்தளத்தில் படம் பிடிப்பதோ அளப்பதோ முதலாளியின் அனுமதி இல்லாமல் கூடாது. அயலவரிடம் கேள்விக்கொத்துக் கொடுத்தால் பெயரை எழுத வேண்டாம்.

பிள்ளையின் வேலை பிள்ளையுடையதாகவே இருக்கட்டும். எழுத்து வேலை 15 பக்கங்களுக்கு மேற்படக்கூடாது. யார் எங்கே உதவினார்கள் என்பதை அதில் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். உதவி பெற்றதில் குறை இல்லை, மறைத்தால்தான் குறை.

“உங்கள் பிள்ளைக்கு முதலில் மொழி வரட்டும், இந்தப் போட்டியெல்லாம் பிறகு பார்க்கலாம்” என்று ஒரு பாடசாலையில் எம்மவர் ஒருவருக்குச் சொன்னார்கள். அதைக் கேட்டு அவர் பேசாமல் திரும்பி வந்துவிட்டார். பெற்றோரே, நாலாம் வகுப்போடு பிள்ளையை எந்தப் பாடசாலைக்கு அனுப்புவது என்று பரிந்துரை செய்யும் நாடு இது. பிள்ளைக்கு மொழி குறைவா அறிவு குறைவா என்று பிரித்துப் பார்க்க எல்லா ஆசிரியருக்கும் நேரம் கிடைப்பதில்லை. அளந்து எழுதிய கொப்பி ஒன்று கையில் இருந்தால் அந்த வேறுபாட்டை அது காட்டிக் கொடுக்கும். ஒரு ஆசிரியர் மறுத்தால் விஞ்ஞானம் படிப்பிக்கும் மற்ற ஆசிரியரைக் கேளுங்கள். பல பாடசாலைகளில் இந்தப் போட்டிக்கென ஒருவர் பொறுப்பாக இருப்பார்.

முதலில் தமிழிலேயே பேசுங்கள். கேள்வி என்ன, எதை மாற்றுவது, எதை மாற்றாமல் வைப்பது என்பதைச் சாப்பாட்டு மேசையில் பேசித் தீர்த்தபின் டொச்சில் எழுதுவது பிள்ளைக்கு அவ்வளவு கடினமல்ல.

இந்தச் சனிக்கிழமை பிள்ளையோடு வீட்டைச் சுற்றி வந்து, விடை தெரியாத பத்துக் கேள்விகளை ஒரு கொப்பியில் எழுதச் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை அந்தப் பத்தையும் ஐந்து கேள்விகளால் அரித்து ஒன்றை எடுங்கள். திங்கட்கிழமை அந்தத் துண்டைப் பிள்ளையே ஆசிரியரிடம் கொண்டுபோய்க் கொடுக்கட்டும். நவம்பர் 30 வரைதான் அவகாசம்.